பொருள் விலகலும் அதைச் சுட்டுவோர் பொறுப்பும்

நன்னூலார் ‘மற்றொன்று விரித்தல்’ என்ற குற்றத்தை, நியாய சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் ‘அர்த்தாந்தரம்’ என்று பெயரிட்டு, வாதத்தின் 22 தோல்வித்தானங்களுள் ஒன்றாக வைக்கிறது. வாத்ஸ்யாயனர் உரை தரும் எடுத்துக்காட்டு மொழியியல் மாணவரைச் சற்றே நாணச் செய்யும்: ஒலி நித்தியம் என்று நிறுவ வந்தவர், ‘ஹேது’ என்னும் சொல்லின் வேரையும் விகுதியையும் விளக்கப் புகுந்து, பெயர், வினை என்று இலக்கணத்துக்குள் போய்விடுகிறார்.

என்னைக் கவர்ந்தவை பட்டியலின் இறுதியை நெருங்கும் இரு தானங்கள். சுட்டவேண்டிய குற்றத்தைச் சுட்டாது விட்டால், விட்டவருக்குத் தோல்வி; அது பர்யனுயோஜ்யோபேட்சணம். குற்றமில்லாத இடத்தில் குற்றம் சாட்டினால், சாட்டியவருக்குத் தோல்வி, அது நிரனுயோஜ்யானுயோகம். முன்னதைச் சபையே அறிவிக்க வேண்டும் என்கிறார் வாத்ஸ்யாயனர். தோற்றவர் தம் குறையைத் தாமே வெளிப்படுத்தமாட்டார் அல்லவா?

ஏழாம் நூற்றாண்டில் தர்மகீர்த்தி ‘வாதநியாயம்’ நூலில் இப்பட்டியலை மறுத்து, தோல்வியை இரண்டே வகையாகச் சுருக்கினார். அப்போதும் ஒன்று குற்றம் சுட்டுபவருக்கே உரியதாய் நின்றது.

இவற்றைச் சேர்த்துப் படித்தால், ‘பொருந்தாது’ என்னும் ஒரு சொல் போதாது என்பது விளங்கும். எடுத்துக்கொண்ட பொருள் எது, பேச்சு எவ்விடத்தில் விலகிற்று என்று காட்டாத குற்றச்சாட்டு, மெய்யா பொய்யா என்று சபையால் அறிய இயலாது.

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் என் வினா ‘தலைப்புக்குப் புறம்பு’ என்று நிறுத்தப்பட்டது. புறம்பாகவே இருந்திருக்கலாம். எவ்வாறு என்று அவையில் எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.