மனிதர் போனபின் வந்த விலங்குகள்

2010 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், மீள்குடியேற்றம் நடைபெற்றுக்கொண்டிருந்த வன்னிக் கிராமம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். கூரையற்ற வீட்டின் முன்னே தறப்பாள் கட்டி முதியவர் ஒருவர் குடியிருந்தார். வளவெங்கும் ஆளுயரப் பற்றை. கிணற்றடியில் வாழைகள் முறிந்து கிடந்தன. "யானைத் தொல்லை அதிகமோ ஐயா?" என்று கேட்டேன். "யானை வந்து நாங்கள் போகேல்லைத் தம்பி, நாங்கள் போனபிறகுதான் யானை வந்தது" என்றார்.

சமூகங்களின் வீழ்ச்சி பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த வார்த்தைகள் நினைவிற்கு வருகின்றன. ஓர் அரசு சரிந்து, ஊர்கள் சிதறிய பின்னர் எஞ்சியிருப்போரைக் காட்டு விலங்குகள் சூழ்ந்துகொள்ளும் என்பது கதைகளிலும் திரைப்படங்களிலும் நாம் காணும் காட்சி. அது கற்பனை மாத்திரமன்று. வரலாற்றில் பலமுறை நிகழ்ந்தது. ஆயினும் அது நிகழ்ந்த ஒழுங்கு முதியவர் சொன்ன ஒழுங்குதான்.

இதற்குத் தெளிவான சான்று வங்காளத்தில் உள்ளது. 1769 இல் மழை பொய்த்தது. 1770 இல் பெரும் பஞ்சம் வந்தது. வங்காள ஆண்டுக் கணக்கில் அது 1176 ஆதலால், எழுபத்தாறாம் ஆண்டுப் பஞ்சம் என்றே அம்மக்கள் அதனை இன்றும் அழைப்பர். ஒரு கோடிப் பேர் மாண்டனர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. பிற்கால ஆய்வாளர் சிலர் அதனைக் குறைத்து மதிப்பிடுவர். குடிகளில் மூன்றிலொரு பங்கினர் இறந்தனர் என வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772 இல் இலண்டனுக்கு எழுதினார். அதே கடிதத்தில், 1771 இல் திரட்டப்பட்ட நிலவரி பஞ்சத்திற்கு முந்திய 1768 ஆம் ஆண்டின் வரியை விஞ்சிவிட்டது என்றும் அவர் தெரிவித்தார். இறந்தவனுடைய வரியை இருந்தவனிடம் வாங்கினார்கள் என்பதே இதன் பொருள். ஆகவே பஞ்சத்திற்குத் தப்பியவனும் ஊரை விட்டோடினான்.

இதன் பின்விளைவை நாம் அறியக் காரணமாயிருந்தவர் வில்லியம் வில்சன் ஹன்டர் என்ற பிரித்தானிய அதிகாரி. மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் பணியாற்றியபோது, அங்கு கிடந்த பழைய கோவைகளைப் படித்து, கிராமிய வங்காளத்தைப் பற்றி 1868 இல் ஒரு நூல் வெளியிட்டார். 1765 இல் ஏறத்தாழ 6000 கிராமங்களைக் கொண்டிருந்த பீர்பூமில், பஞ்சம் முடிந்த மறு ஆண்டில் சுமார் 4500 கிராமங்களே எஞ்சியிருந்தன என்று அவர் எழுதினார். மழை திரும்பி வந்தது. ஆனால் உழுவதற்கு ஆளில்லை. 1776 அளவில் பயிரிடப்பட்ட ஒவ்வோர் ஏழு ஏக்கருக்கும் நான்கு ஏக்கர் தரிசாகக் கிடந்தது.

தரிசு நிலம் தரிசாகவே இருப்பதில்லை. வங்காளம் போன்ற ஈரமண்ணில் கைவிடப்பட்ட வயலில் முதலில் நாணலும் புல்லும் எழும். ஓரிரு மாரிகளில் பற்றை மூடும். பற்றைக்குள் பன்றியும் மானும் வரும். அவற்றைத் தேடிப் புலி வரும். யானைக்கோ முதிர்ந்த பெருங்காட்டிலும் இத்தகைய இளங்காடே உவப்பான மேய்ச்சல் நிலம். இவ்வாறு எஞ்சிய ஒவ்வொரு கிராமத்தையும் சுற்றி ஒரு காட்டு வளையம் உருவாயிற்று. பஞ்சம் கழிந்து பத்து ஆண்டுகளான பின்னரும், 1780 இல், சிப்பாய்களின் சிறு படையொன்று இந்த நாட்டினூடாகச் செல்ல வழியின்றித் திண்டாடியது. 120 மைல் தூரத்திற்குக் காடே காட்சியளித்ததாகவும், இரவுதோறும் புலிகளும் கரடிகளும் பாளையத்தைச் சுற்றி வந்ததாகவும் உடன்சென்ற ஒருவர் எழுதினார்.

தபாற்பைகளை விலங்குகள் கவ்விச் சென்ற செய்தி அரசாங்கக் கடிதங்களில் அடிக்கடி வருகிறது. பையைச் சுமந்துசென்ற ஓட்டக்காரனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். கம்பனி ஒரு புலித்தலைக்கு வழங்கிய சன்மானம், ஒரு குடியானவக் குடும்பம் மூன்று மாதம் வசதியாக உண்ணப் போதுமானதாயிருந்தது. கருவூலம் வற்றி எல்லாக் கொடுப்பனவுகளும் நிறுத்தப்பட்ட வேளையிலும், நிறுத்தப்படாதவை இரண்டே: சிறைக் கைதிகளின் உணவுச் செலவும் புலிச் சன்மானமும்.

யானைக்கு முன்னே சன்மானமும் பயன்படவில்லை. இரு பிரிவுகளில் மாத்திரம் 56 கிராமங்கள் யானைகளால் அழிந்து காடாகிவிட்டன என்று ஓர் அறிக்கை கூறியது. மாவட்டமெங்கும் 40 சந்தை ஊர்கள் அதே காரணத்தால் கைவிடப்பட்டதாக இன்னோர் அறிக்கை கூறியது. 1789 இல் கோர்ன்வாலிஸ் பிரபு, இந்தியாவில் கம்பனியின் ஆட்சிக்குட்பட்ட நிலத்தில் மூன்றிலொரு பங்கு காட்டு விலங்குகள் மாத்திரமே வாழும் வனமாகிவிட்டது என்று பதிவு செய்தார். பஞ்சம் முடிந்து 19 ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்த அறிக்கைகளைப் படிக்கும் ஒருவர், யானையும் புலியுமே அக்கிராமங்களை அழித்தன என்று எண்ணக்கூடும். எழுதிய அதிகாரிகளுக்கும் அவ்வாறு எழுதுவது வசதியாயிருந்தது. யானையைக் குற்றஞ்சாட்டினால் நிலவரியைப் பற்றிப் பேசவேண்டியதில்லை அல்லவா?

பஞ்சத்திற்கு முன்னரும் பீர்பூமின் மேற்கெல்லையில் காடும் அதில் யானையும் புலியும் இருந்தன. அவற்றை எட்ட நிறுத்தியது துப்பாக்கியன்று. நூறு குடும்பங்கள் வாழும் ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் முறைவைத்துப் பரண் ஏறலாம். தீ மூட்டலாம், பறை கொட்டலாம். வயலோரப் பற்றையை ஆண்டுதோறும் வெட்டலாம். நூறு குடும்பங்கள் முப்பதானால் காவல் முறை மூன்று மடங்கு அடிக்கடி வரும். காக்கவேண்டிய எல்லையோ அவ்வளவு குறைவதில்லை. பகலில் உழுதவன் இரவெல்லாம் விழித்திருக்க இயலாது. ஒருநாள் அவன் உறங்குவான்; அன்று யானை வரும். அந்த விளைச்சல் போனபின் முப்பது குடும்பங்கள் பத்தாகும். அந்தப் பத்தும் புறப்பட்ட மறு ஆண்டில் அடுத்த கிராமம் காட்டின் விளிம்பாகும்.

ஐரோப்பாவும் இதற்கு விலக்கன்று. நூற்றாண்டுப் போரினால் பிரான்சின் நாட்டுப்புறம் பாழான காலத்தில், பாரிஸ் நகரவாசி ஒருவர் எழுதிவைத்த குறிப்பேடு கிடைத்துள்ளது. 1439 செப்டெம்பர் இறுதியில், மொன்மார்த்திற்கும் சென் அந்துவான் வாசலுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஓநாய்கள் 14 பேரைக் கொன்று தின்றதாக அவர் எழுதியுள்ளார். வாலறுந்த ஓநாய் ஒன்றுக்கு மக்கள் பெயரும் சூட்டியிருந்தனர். அது கொல்லப்பட்டபின் தள்ளுவண்டியில் ஏற்றி நகரெங்கும் காட்டினர். இன்று எம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் அந்த மொன்மார்த்தின் அயலிலேயே உள்ளது.

எமது தீவிலும் இதே கதைதான். 13 ஆம் நூற்றாண்டில் இராசரட்டை நிலைகுலைந்து அரசு தென்மேற்கே நகர்ந்தது. பராமரிப்பாரின்றிக் குளங்கள் உடைந்தன; காடு வளர்ந்தது. 1679 இல் கண்டி அரசனின் காவலிலிருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ், அநுராதபுரத்தைக் கடந்து மல்வத்து ஓயாக் கரைவழியே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். ஒருகாலத்தில் நெல் விளைந்த அந்தப் படுகையில் அவர் பெரும்பாலும் கண்டது காடும் யானைகளுமே.

வீட்டு விலங்குகளின் கதை இதனினும் துயரமானது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, நாய்களைக் கொண்டுசெல்ல வழியிருக்கவில்லை. மறு ஆண்டு திரும்பிய குடும்பமொன்று, தம் வீட்டுப் படலையைத் திறக்க விடாது உறுமி நின்ற கட்டாக்காலி நாய்களிடையே தாம் வளர்த்த நாயையும் கண்டதாக என்னிடம் கூறியது. பெயர் சொல்லி அழைத்தார்களாம். அது வரவில்லை.

வங்காளக் காடு மீண்டும் வயலானது எவ்வாறு? சந்தால் பழங்குடி மக்கள் பெருந்தொகையாக வந்து, ஊர் ஊராகச் சேர்ந்திருந்து காட்டை வெட்டினர். விலங்குகள் பின்வாங்கின. ஆனால் அவர்கள் திருத்திய நிலத்திற்குக் கந்துவட்டிக்காரனும் வரி அதிகாரியும் பின்தொடர்ந்து வந்தனர். 1855 ஜூன் 30 இல் சித்து, கானு சகோதரர் தலைமையில் எழுந்த சந்தால் கிளர்ச்சி அதன் விளைவு. புலியை விரட்டியவர்கள் மனிதருக்குத் தோற்றனர்.

இலங்கையில் 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் 400 இற்கும் அதிகமான யானைகளும் 120 அளவிலான மனிதரும் இந்த மோதலில் மடிந்தனர். 2020 இல் அமைக்கப்பட்ட நிபுணர் குழு, யானையைக் காட்டுக்குள் அடைக்கும் வேலிகளிலும் பார்க்க, ஊரவர் தாமே பராமரிக்கும் வேலிகளை ஊரையும் வயலையும் சுற்றி அமைப்பதே பயன்தரும் எனப் பரிந்துரைத்தது. பழைய பரண்காவலின் தத்துவமும் இதுவே. ஆனால் வேலியைப் பராமரிக்க ஊரவர் வேண்டும்.

வன்னியில் மீளக்குடியேறிய பல கிராமங்களில் இளையோர் கடல்கடந்து விட்டனர். எஞ்சியோர் முதியவர்களும் தனித்த பெண்களும். காணி உறுதி கையிலிருக்கிறது. பரண் ஏறுவதற்குத்தான் ஆளில்லை. அந்த முதியவரை அதன்பின் நான் சந்திக்கவில்லை. விடைபெறும்போது, பக்கத்து வளவுக்காரரின் பிள்ளைகள் கனடாவிலிருந்து வருவார்களா என்று என்னிடம் விசாரித்தார். யானையைப் பற்றி அவர் மீண்டும் பேசவில்லை.