கொலாபாவில் ஒரு சூரிய யந்திரம்

பம்பாய்த் தீவின் தென்கோடியில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதிக்குக் கொலாபா என்று பெயர். மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் தமிழர்கள் அப்பக்கம் செல்வது பெரும்பாலும் அலுவலக நிமித்தமாகவோ, ஊரிலிருந்து வந்த உறவினருக்கு இந்தியாவின் நுழைவாயிலைக் காட்டுவதற்காகவோதான். அந்தக் கொலாபாவில், 1870களின் பிற்பகுதியில், ஓர் ஆங்கில அதிகாரியின் இல்லத்துக் காம்பவுண்டிற்குள் நீராவிப் பம்பு ஒன்று இரண்டு வார காலம் இயங்கியது. அதன் கொதிகலனுக்கு அடியில் கரியும் இல்லை, விறகும் இல்லை. வெயில் ஒன்றே எரிபொருள். பொதுமக்களும் வந்து அதனைப் பார்த்துச் சென்றனர்.

அந்த அதிகாரியின் பெயர் வில்லியம் ஆடம்ஸ். பம்பாய் உயர்நீதிமன்றத்தில் துணைப் பதிவாளராக இருந்தவர். வழக்குக் கட்டுகளுக்கு நடுவே வாழ்ந்த ஒருவருக்கு இந்த யந்திரப் பித்து எப்படிப் பிடித்தது என்று வியக்கத் தோன்றும். காரணம் எளியது. அந்நாளில் பம்பாயின் பஞ்சாலைகளும் கப்பல்களும் கரியை நம்பி நின்றன. அந்தக் கரியோ பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வரவேண்டும். விறகின் விலையும் குறைவன்று. தலைக்குமேல் இத்தனை வெயில் காயும் நாட்டில் எரிபொருளுக்குக் கடல் கடந்து கையேந்துவானேன் என்பதே அவர் கேட்ட கேள்வி. வெப்ப நாடுகளில் எரிபொருளுக்கு மாற்றாகச் சூரிய வெப்பம் என்னும் பொருளில் அவர் எழுதிய நூல் 1878ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

பிரான்சு நாட்டில் ஆகஸ்தின் மூஷோ என்னும் ஆசிரியர் அதே காலத்தில் கூம்பு வடிவமான உலோகக் கண்ணாடியைக் கொண்டு நீராவி எழுப்பிக் காட்டி வந்தார். வளைந்த உலோகத்தைப் பெரிதாகச் செய்வது கடினம், அதன் மெருகும் நாளடைவில் மங்கிப்போகும் என்பதை ஆடம்ஸ் கண்டார். ஆகவே கடைவீதியில் கிடைக்கும் சாதாரணத் தட்டைக் கண்ணாடிகளையே எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் பதினேழு அங்குலத்துக்குப் பத்து அங்குலம். அவற்றை ஒரு சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி, ஒவ்வொன்றின் ஒளியும் ஒரே இடத்தில் விழுமாறு சாய்த்து வைத்தார். கொதிகலன் அசையாது நிற்கும். கண்ணாடிச் சட்டம் மட்டும் சூரியனைத் தொடர்ந்து கையால் நகர்த்தப்படும். இவ்வாறு எழுந்த நீராவி இரண்டரைக் குதிரைத் திறனுள்ள பம்பை ஓட்டியது. இன்று பாலைவனங்களில் கோபுரம் நிறுத்தி, சுற்றிலும் கண்ணாடிகளைப் பரப்பி மின்சாரம் எடுக்கிறார்களே, அம்முறையின் கரு இதுதான்.

அவர் சோற்றையும் மறக்கவில்லை. எட்டுப் பக்கக் கண்ணாடி அமைந்த ஒரு சூரிய அடுப்பையும் செய்தார். பம்பாயின் குளிர்ந்த மாதமாகிய ஜனவரியிலேயே, ஏழு சிப்பாய்களுக்குரிய இறைச்சியும் காய்கறியும் அதில் இரண்டு மணி நேரத்தில் வெந்தன என்று அக்காலப் பத்திரிகையில் செய்தி உள்ளது. உணவு நன்றாகவே இருந்ததென்று சிப்பாய்களும் கூறினார்களாம்.

இவ்விடத்தில் ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வில்லியம் கிரில்ஸ் ஆடம்ஸ் என்று மற்றொருவர் இருந்தார். அவரும் அவர் மாணாக்கர் ரிச்சர்டு எவன்ஸ் டேயும் 1876ஆம் ஆண்டில், செலினியம் என்னும் பொருளின்மீது ஒளி பட்டால் அதிலிருந்து மின்சாரம் பிறக்கிறது என்று கண்டனர். இன்றைய சூரியத் தகட்டுக்கு அது முன்னோடி. சில நூல்கள் இருவரையும் ஒருவராக்கி விடுகின்றன. பெயர்களை மொழிபெயர்த்தே காலம் கழிக்கும் என்போன்றவர்களுக்கு இது புதிதன்று. லண்டன் ஆடம்ஸ் ஒளியை மின்சாரமாகக் கண்டார். பம்பாய் ஆடம்ஸ் வெயிலை வேலை வாங்கினார்.

ஆனால் பொழுது சாய்ந்தால் பம்பாய் ஆடம்ஸின் யந்திரம் நின்றுவிடும். அதுவே அதன் குறை. வெயிலைப் பிடிக்கும் வித்தை கைவந்தது; பிடித்ததை இரவுக்கு வைத்துக்கொள்ளும் வித்தை கைவரவில்லை. ஈயத் தகடுகளை அமிலத்தில் அமிழ்த்தி மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரியைக் காஸ்தோன் பிளாந்தே என்பவர் 1859ஆம் ஆண்டிலேயே பிரான்சில் செய்திருந்தார். நம் அரசாங்கச் சொல்லகராதிகள் சேமக்கலம் என்று அழகாகப் பெயரிட்டிருப்பது இதற்குத்தான். மக்களோ பாட்டரி என்ற சொல்லை விடுவதாயில்லை. ஆனால் ஆடம்ஸின் பம்போ நீராவியால் ஓடியது. பாட்டரிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பம்பாய் வேறு வழியில் சென்றது. 1915ஆம் ஆண்டில் கோபோலியிலிருந்து டாட்டா நிறுவனத்தாரின் நீர்மின்சாரம் நகருக்கு வரலாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் நான்கு மாதம் கொட்டும் மழையை ஏரிகளில் தேக்கி, ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக இறக்கி மின்சாரமாக்கும் முறை அது. உயரத்தில் தேக்கிய நீரும் ஒரு சேமக்கலமே. நம் கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்றுண்டு. மின்சாரம் மிகுந்த நேரத்தில் நீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டிய நேரத்தில் இறக்கிக்கொள்வதே அதன் வேலை.

இனி வீட்டுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. பிரிவினையால் வீடிழந்து வந்தோர் டில்லியிலும் பம்பாயிலும் முகாம்களில் நிறைந்திருந்த காலம். சுவரையும் கூரையையும் ஆலையில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, நின்ற இடத்தில் பூட்டிவிடலாம் என்று மத்திய அரசாங்கம் கருதியது. டில்லியில் அரசினர் வீட்டு ஆலை தோன்றியது. முன்னர் மைசூர் அரசில் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர் அம்முயற்சிக்கு முக்கியமானவர். ஆனால் பலகைகள் வலுவற்றிருந்தன. எண்ணியபடி வீடுகள் எழவில்லை. பிற்காலத்தில் அவ்வாலை பெயர் மாறி, ரயில் தண்டவாளக் கட்டைகளையும் மின்கம்பங்களையும் வார்த்தது. வீட்டைக் கொடுக்க முடியாத ஆலை, வீட்டுக்கு விளக்குக் கொண்டுவரும் கம்பத்தைக் கொடுத்தது.

அதே 1948இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து டோவர் என்னும் ஊரில் எலினார் ரேமண்ட் வரைந்த வீடு ஒன்று எழுந்தது. அதற்குச் சூடேற்றும் முறையை வகுத்தவர் மரியா டெல்கஸ் என்னும் பெண் விஞ்ஞானி. பகல் வெயிலைத் தகடுகளில் பிடித்து, பீப்பாய்களில் நிறைத்த ஒருவகைச் சோடியம் உப்பை உருக்கி வைப்பார்கள். இரவில் உப்பு உறையும்போது அந்தச் சூடு வீட்டுக்குள் பரவும். சில குளிர்காலங்களுக்குப் பின் உப்பு அடுக்கடுக்காகப் பிரிந்து பயனற்றுப் போயிற்று. எனினும் சூரியனையும் சேமிப்பையும் வீட்டோடு சேர்த்தே வரைந்தது பெரிய எண்ணம். டில்லியில் சேமிப்பைப் பற்றி நினைக்காத வீடு. டோவரில் வீட்டின் சுவருக்குள்ளேயே சேமிப்பு.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கன் தகட்டைச் செய்து காட்டியது. அதன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரமாயிற்று. நம் நாட்டில் சாகிபாபாத்தில் 1974இல் தோன்றிய மத்திய மின்னணு நிறுவனம் அத்தொழிலைத் தொடங்கியது. 1991இல் லித்தியம் அயனி பாட்டரி சந்தைக்கு வந்தது. ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரியப் பண்ணை எழுந்தது.

வீட்டுக் கூரைக்கு 2024ஆம் ஆண்டில் பிரதம மந்திரியின் சூரிய வீடு திட்டம் வந்தது. மூன்று கிலோவாட் வைக்கும் குடும்பத்துக்கு 78,000 ரூபாய் மானியம். ஆனால் கூரை சொந்தமாயிருத்தல் வேண்டும். திருநெல்வேலியிலோ தஞ்சையிலோ இருக்கும் நம் தாய்வீட்டுக்கு இது பொருந்தும். தாராவியில் தகரக் கூரையின்கீழ் வாடகைக்கு இருப்பவருக்கும், செம்பூரில் நான்காம் மாடியில் குடியிருப்பவருக்கும் எப்படிப் பொருந்தும்? மாடிக் குடியிருப்புகளின் கூட்டுறவுச் சங்கங்கள் பொது உபயோகத்துக்கு வைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு. நம்மவரில் பலருக்குரிய கதவு இதுவே.

கூரையில் தகடு இருந்துவிட்டால் மின்தடையில் விளக்கெரியும் என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. 2020 அக்டோபர் 12ஆம் தேதி காலையில் மும்பை முழுவதும் மின்சாரம் நின்று ரயில்களும் நின்றன. நல்ல வெயில் அடித்தாலும், பாட்டரி இல்லாத கூரைத் தகடுகள் அத்தகைய நேரத்தில் தாமும் நின்றுவிடும். கம்பியில் பழுதுபார்க்கும் தொழிலாளிக்கு அபாயம் நேராதிருக்கும் பொருட்டு அவ்வாறே அவை அமைக்கப்படுகின்றன. இருட்டில் உதவ வேண்டுமாயின் சேமக்கலமும், நகர மின்சாரத்தைத் துண்டித்துத் தனித்தியங்கும் கருவியும் வேண்டும்.

முன்வார்ப்பு வீடுகள் இன்று மீண்டும் வந்துவிட்டன; இம்முறை பலகைகள் உறுதியானவை. 2022இல் நவி மும்பையில் சிட்கோ நிறுவனம் 96 வீடுகள் கொண்ட பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றை 96 நாட்களில் எழுப்பிக் காட்டியது. அத்தகைய ஒரு கட்டடத்தை மனத்தில் வைத்துக் கணக்கிடுவோம். மொட்டைமாடியில் நீர்த்தொட்டி, லிப்டு அறை போக 2,000 சதுர அடி எஞ்சுவதாகக் கொள்வோம். கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி. ஆகவே இருபது கிலோவாட். ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். மொத்தம் எண்பது யூனிட். நூறு குடும்பங்களுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு ஒரு யூனிட்டும் தேறாது. ஒரு மின்விசிறி பத்து மணி நேரம் சுழலும், அவ்வளவே.

தண்ணீர்க் கணக்கு வேறு. வீட்டுக்கு 500 லிட்டர் வீதம் நூறு வீட்டுக்கு 50,000 லிட்டர். அதனை நாற்பது மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்பு பாதித் திறனில் ஓடினாலும், பதினொரு யூனிட் போதும். மூன்று கிலோவாட் தகடு, முந்நூறு சதுர அடி. மும்பையில் மாநகராட்சித் தண்ணீர் குறித்த சில மணி நேரமே வரும், கீழ்த்தொட்டியில் நிறையும், பிறகே மேலே ஏற்றுவார்கள். அந்த ஏற்றத்தை நடுப்பகலுக்கு மாற்றிக்கொண்டால் மேல்தொட்டியே இரவுக்குச் சேமக்கலமாகிவிடும். அமிலமில்லை, லித்தியமில்லை, ஐந்தாறு ஆண்டுக்கொருமுறை மாற்றும் செலவுமில்லை. கொலாபாவில் ஆடம்ஸ் ஓட்டியதும் பம்புதான் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. மீதமுள்ள தகடுகள் லிப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் ஆகட்டும். அவற்றுக்கு மட்டும் ஒரு சிறு பாட்டரி போதும்.

ஆனால் முன்வார்ப்புச் சுவரில் ஒரு சங்கடம் உண்டு. செங்கற்சுவரைப் போல அதனைப் பின்னால் குடைந்து குழாய் பதிக்கலாகாது; உள்ளிருக்கும் இரும்புக்குத் தீங்கு நேரும். மொட்டைமாடியிலிருந்து தரைவரை வரும் கம்பிக்குழாயை ஆலையில் வார்க்கும்போதே விட்டிருக்க வேண்டும். பாட்டரிக்குக் காற்றோட்டமுள்ள, மழைநீர் ஏறாத அறை ஒன்றும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். மும்பையில் மழைக்காலத்தில் தரைத்தளம் நீரில் மூழ்குவதை அறியாதார் யார்? தாராவியின் மறுசீரமைப்பு 2004 முதல் பேசப்பட்டு, 2022ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிக்குப் பின் செயலில் இறங்கியுள்ளது. வார்ப்போ செங்கல்லோ, அங்கே எழப்போகும் வீடுகளுக்குரியோர் சதுர அடியைப் பற்றிக் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதே. குழாயையும் அறையையும் கேட்கவும் வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே தருணம். கட்டி முடித்தபின் கேட்டால் சுவரின் வெளிப்புறத்தில் கம்பி தொங்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் கவியும் நாட்களில் தகடுகள் சோர்ந்துவிடும். அப்போது பம்புக்கு நகர மின்சாரமே துணை.