யார் இட்ட பெயர்?

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவிலே, பதின்மூன்று நிலை இராசகோபுரத்தை நாள்தோறும் கண்டவாறு மறைப்பணி ஆற்றி வருகிறோம். சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, பங்கு இல்லத்திற்கு ஒரு தந்தையும் மகளும் வந்திருந்தனர். மகளுக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. ஓலை வாசிப்பதற்கு முன் திருமுழுக்குச் சான்று தேவைப்பட்டது. பழைய ஏட்டை எடுத்துப் புரட்டினோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தப் பதிவின் கையெழுத்து நம்முடையது. இதே பங்கில் நாம் உதவிக் குருவாக இருந்த காலம் அது.

தந்தை பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு மெல்லச் சொன்னார்: "சாமி, என் தகப்பனார் கல்லறையில் பெர்னாந்து என்று வெட்டியிருக்கிறது. என் ஏட்டிலும் இருக்கிறது. என் மகள் ஏட்டில் மட்டும் இல்லை. நாளைக்கு யாராவது எடுத்துப் பார்த்தால், இவள் யார் பேத்தி என்று கேட்கமாட்டார்களா?"

நமக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவருடைய தந்தை தூத்துக்குடிக் கரையிலிருந்து பொன்மலை இரயில்வே பணிமனைக்கு வேலை தேடி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். திருமுழுக்கு நாளில் குழந்தையின் பெயரோடு குடும்பப் பெயரையும் எழுதுமாறு அவர்கள் கேட்டனர். "தமிழனுக்கு எதற்குப் போர்த்துக்கீசியன் பெயர்?" என்று கூறி நாம் அதை விட்டுவிட்டோம். தமிழ்ப் பற்று என்று அன்று அதனை எண்ணிக்கொண்டோம். அவர்கள் மறுமொழி கூறவில்லை. குருவானவரிடம் மறுத்துப் பேசும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

அன்று நாம் கேட்ட கேள்விக்கு விடை என்ன? ஒரு பெயர் யாருக்குச் சொந்தம்? இக்கட்டுரையில் இதனைச் சற்று ஆய்ந்து பார்க்க விழைகிறோம்.

கடற்கரையில் நடந்தது

முத்துக்குளித்துறைப் பரதவர் நேற்று முளைத்த இனத்தார் அல்லர். கொற்கை முத்தையும், நெய்தல் நிலத்துப் பரதவரையும் சங்கப் பாடல்கள் அறியும். போர்த்துக்கீசியர் இக்கரையில் கால் வைப்பதற்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவர்களுக்குக் கடலும் முத்தும் தலைவர்களும் இருந்தனர்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பின் உரிமை பற்றிப் பரதவருக்கும் இசுலாமிய வணிகருக்கும் இடையே கடும் பகை மூண்டது. இரு தரப்பிலும் குருதி சிந்தியது. அவ்வேளையில் இக்கரைக்கு வந்த குதிரை வணிகர் ஒருவர், போர்த்துக்கீசியரின் காவலை நாடுமாறு பரதவருக்கு அறிவுரை கூறினார். அவர் பெயர் ஜான் த குரூஸ். ஐரோப்பியப் பெயராயினும் அவர் ஐரோப்பியர் அல்லர். கள்ளிக்கோட்டையிலிருந்து 1513ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டிற்குச் சென்று, அங்கே திருமுழுக்குப் பெற்று அப்பெயரை ஏற்றவர். அயல் பெயரைத் தாங்கிய ஓர் இந்தியரே நம் கரைக்கு அந்த வழியைக் காட்டினார் என்பது கருதத்தக்கது.

அவர் சொற்படி பரதவரின் தலைவர்களான பட்டங்கட்டிமார் கொச்சிக்குச் சென்று திருமுழுக்குப் பெற்றனர். 1535இல் தொடங்கி 1537க்குள் கடற்கரை ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேர் கிறிஸ்தவர் ஆயினர். ஆன்மிக தாகம் ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறினால் அது வரலாற்றுக்கு நாம் இழைக்கும் அநீதியாகும். பரதவருக்குக் காவல் தேவைப்பட்டது. போர்த்துக்கீசியருக்கு முத்து தேவைப்பட்டது. 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர விசுவாசத்தைப் பற்றி வேறொன்றும் அம்மக்கள் அறியாதிருந்தனர் என்பதை அவருடைய மடல்களே கூறுகின்றன.

அப்படியானால் பெயர்கள் எப்படி வந்தன? திருமுழுக்கின்போது ஞானத்தந்தையாக நின்றவரின் பெயரையோ, தமக்குக் காவலாயிருந்த தலைவரின் பெயரையோ ஏற்பது அக்கால வழக்கம். அவ்வாறு வந்தவையே பெர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், பெரேரா, தா கோஸ்தா, மச்சாது, கர்வாலியோ முதலியன. எனவே, இப்பெயர்களைக் கொண்டு இம்மக்களைப் போர்த்துக்கீசியக் குருதியினர் என்பது பிழை. குருதியால் வந்த உறவைச் சொல்ல எழுந்தவை அல்ல இப்பெயர்கள். திருமுழுக்குத் தொட்டியருகே அமைந்த உறவைச் சொல்ல எழுந்தவை. பழைய பெயர்கள் முற்றும் மறைந்தனவும் அல்ல. பூபாலராயர், வில்லவராயர் முதலிய பட்டப் பெயர்கள் இன்றும் கத்தோலிக்கக் குடும்பங்களில் வழங்கக் காண்கிறோம்.

சவேரியாரின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி நம் நெஞ்சைத் தொடுகிறது. 1544இல் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவ மக்களுக்கு அவர் திருமுழுக்கு அளித்தார். ஒரு மாதத்திற்குள் பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர். திருமுழுக்குக்குப் பின் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை எழுத்தில் எழுதிக் கொடுத்ததாக அடுத்த ஆண்டு எழுதிய மடலில் அவர் குறிப்பிடுகிறார். எழுத்தறியாத மீனவர் ஒருவரின் பெயர் எழுதப்பட்டு அவர் கையிலேயே தரப்பட்டது. தன் பெயர் எழுத்தில் இருக்கத் தக்கது என்று அம்மனிதர் அன்றுதான் அறிந்திருப்பார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஏட்டிலிருந்து ஒரு பெயரை விட்டுவிட்ட நமக்கு இது நாணத்தைத் தருகிறது.

பெயர்களின் பொருள்

இப்பெயர்களின் பொருளைக் கேட்டால் அவற்றின் அயன்மை பெரிதும் குறைந்துவிடும். பெரேரா என்பது பேரிக்காய் மரம். சில்வா என்பது காடு. கர்வாலியோ என்பது கருவாலி மரம். மச்சாது என்பது கோடரி. ரோச் என்பது பாறை. குரூஸ் என்பது சிலுவை. கோஸ்தா என்பது கடற்கரை. கரையில் வாழும் மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன? ரொட்ரிகஸ் என்றால் ரொட்ரிகோவின் மகன். பெர்னாந்தஸ் என்றால் பெர்னாந்தோவின் மகன். தந்தை பெயரை முதலெழுத்தாக இட்டுக்கொள்ளும் நம் வழக்கமும் இதுவும் ஒன்றே. அப்பெர்னாந்தோ என்பதும் போர்த்துக்கல் நாட்டில் பிறந்த சொல்லன்று. அங்கு வந்து ஆண்ட செருமானிய இனத்தாரின் மொழியில் பயணம், துணிவு எனப் பொருள்படும் சொற்களிலிருந்து பிறந்தது என்பர் சொல்லாய்வாளர். கடலோடிகள் தாங்குவதற்கு ஏற்ற பெயர்தான்.

நம் நாட்டுப்புறத்துச் சவரிமுத்துவையும் சவரியம்மாளையும் எண்ணிப் பாருங்கள். சவேரியார் என்பது அப்புனிதரின் தனிப்பெயர் அன்று. அவருடைய பெயர் பிரான்சிஸ். சவேரியார் என்பது அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் அதற்குப் 'புது வீடு' என்று பொருள். ஐரோப்பாவில் ஒரு குடும்பப் பெயராக இருந்தது நம்மிடம் வந்து முத்து என்னும் சொல்லோடு சேர்ந்து, வயலில் ஏர் பிடிப்பவரின் பெயராயிற்று. பிரிட்டோ என்னும் பெயரும் இவ்வாறே. பாத்திமா என்று நாம் பெண்களுக்குப் பெயரிடுவது அன்னை காட்சி தந்த போர்த்துக்கல் சிற்றூரை முன்னிட்டு. அச்சிற்றூரின் பெயரோ அரபு மொழிப் பெயர். நபிகளாரின் மகளார் தாங்கிய பெயர்.

உள்நாட்டில் நடந்தது

கடற்கரையில் மக்கள் அயல் பெயரை ஏற்றனர் என்றால், நம் திருச்சி, மதுரைப் பகுதிகளில் இதற்கு மாறாக நடந்தது. 1606இல் மதுரைக்கு வந்த தெ நோபிலி அடிகளார், கிறிஸ்தவ மறையைப் பறங்கியர் மறை என்று மக்கள் ஒதுக்குவதைக் கண்டு, உடையையும் உணவையும் மாற்றிக்கொண்டார். தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார். ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். 1693இல் ஓரியூரில் குருதி சிந்தினார். இத்தாலியராகிய கொன்ஸ்தான்சோ பெஸ்கி தம் பெயரின் பொருளையே தமிழாக்கித் தைரியநாதர் ஆனார். பின்னர் வீரமாமுனிவர் என்று உலகம் போற்றியது. சிறியவர் எனப் பொருள்படும் பவுல், சின்னப்பர் ஆனார். இறையருளைக் குறிக்கும் யோவான், அருளப்பர் ஆனார். இவ்வழியில் வந்த உள்நாட்டுக் கத்தோலிக்கர்க்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் என்பதே இல்லை. தந்தையின் முதலெழுத்து ஒரு தலைமுறையோடு போய்விடும்.

அக்கரையில் பெயர் ஏற்கப்பட்டது, இக்கரையில் மொழிபெயர்க்கப்பட்டது. இரண்டாம் வழியே உயர்ந்தது என்று நாம் குருமடத்துக் காலத்திலிருந்து நினைத்து வந்தோம். அந்த நினைவே அன்று நம் பேனாவைத் தடுத்தது. ஆனால், 1658இல் நடந்ததை நாம் மறந்துவிட்டோம். அவ்வாண்டில் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டனர். அரசின் சமயம் மாறியது. காவலுக்காக மட்டுமே கிறிஸ்தவரானவர்கள் என்றால், புதிய காவலரின் சமயத்திற்கு அன்றே மாறியிருக்க வேண்டும். பரதவர் மாறவில்லை. பெயரைத் தந்த ஆட்சி போயிற்று. பெயரும் விசுவாசமும் நின்றன. 1806இல் பனிமய மாதாவுக்குப் பொன்தேர் ஓட்டியவர்களும் இவர்களே. முதலில் எக்காரணத்தால் வந்திருப்பினும், நூற்றாண்டு கடந்தபின் அப்பெயர் அவர்களுடையதே.

உலகெங்கும் இதுவே

நம்மோடு பயின்று, பின் உரோமையில் மேற்படிப்புப் படித்த நண்பர் ஒருவர், சிசிலித் தீவுக்குச் சென்று வந்தபின் இதனையொத்த செய்தி ஒன்றைக் கூறினார். இத்தாலியின் தெற்கே உள்ள அத்தீவை முதலில் கிரேக்கரும், பின் உரோமையரும் ஆண்டனர். 827இல் அரபியர் வந்து இறங்கினர். 831இல் பலேர்மோ அவர்கள் வசமாயிற்று. 1061இல் நார்மானியர் வந்து 1091க்குள் தீவு முழுவதையும் பிடித்தனர். பின்னர் ஸ்பானியர் ஆட்சி. இத்தனை அலைகளும் இன்று குடும்பப் பெயர்களில் உறைந்து கிடக்கின்றன. கிரேக்கோ என்றால் கிரேக்கன். லொம்பார்தோ என்றால் வடஇத்தாலியன். கத்தலானோ என்றால் ஸ்பெயினின் கத்தலோனியன். வதலா என்னும் பெயரில் அப்துல்லா ஒளிந்திருக்கிறார். அப்பெயரோடு திருப்பலிக்கு வருபவரை அவ்வூரார் அயலார் என்பதில்லை, அவர் சிசிலியர்தாம்.

இப்பெயர்கள் நிலைபெற்றதில் திருச்சபையின் பங்கும் உண்டு. திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் பங்குதோறும் திருமண ஏடு வைக்கவும், திருமுழுக்கு ஏட்டில் ஞானப்பெற்றோர் பெயரை எழுதவும் கட்டளையிட்டது. அரசுகள் மக்களை எண்ணத் தொடங்குவதற்கு முன்பே, ஏழையின் பெயரைப் பங்குக் குருவின் பேனா எழுதி வைத்தது. அந்தப் பேனா ஒரு பெயரை விட்டுவிட்டால், வேறெங்கும் அது இல்லாமற் போகலாம்.

இலங்கைக்குச் சென்றவர்கள் பெர்னாந்து, பெரேரா, சில்வா என்னும் பெயர்களைச் சிங்கள பௌத்தர்களிடமும் காண்பர். பெயர் இனத்தைக் காட்டுவதில்லை. சமயத்தையும் உறுதியாகக் காட்டுவதில்லை. தமிழ்ப்பற்றையும் அது அளப்பதில்லை. தூத்துக்குடி நகராட்சித் தலைவராயிருந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்துவைத் தமிழர் அல்லர் என்று யார் சொல்வார்? தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த ஜே.பி. சந்திரபாபுவின் முதலெழுத்துகளுக்குள் ஜோசப் பனிமயதாஸ் இருக்கிறார் என்பதை எத்தனை பேர் அறிவர்?

நம் திருவரங்கத்திலும் இதற்கு ஒரு நிகர் உண்டு. வைணவப் பெரியவர்கள் தம்மை 'அடியேன் ராமானுஜ தாசன்' என்று அறிமுகம் செய்துகொள்வதைக் கேட்கிறோம். பெற்றோர் இட்ட பெயரன்று அது. ஐந்து சடங்குகளுள் ஒன்றாக ஆசாரியர் வழியே பெறுவது. அவர் இராமானுசர் குடும்பத்தில் பிறந்தவரா என்று எவரும் கேட்பதில்லை. யாரைச் சேர்ந்தவர் என்பதை அப்பெயர் சொல்கிறது, அது போதும். ஆபிராம் ஆபிரகாம் ஆனதும், சீமோன் பேதுரு ஆனதும் இத்தகையவையே. பிறர் தந்த பெயர்கள்தாம் அவையும்.

ஏட்டின் ஓரத்தில்

அன்று வந்த தந்தையிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பதறி, "அப்படியெல்லாம் சொல்லாதீர்கள் சாமி" என்றார். மகளிடம், "அம்மா, உனக்கு அந்தப் பெயர் வேண்டுமா?" என்று வினவினோம். "அது தாத்தா பெயர் சாமி. அதற்குப் பொருள்கூட எனக்குத் தெரியாது. ஆனால் வேண்டும்" என்றாள். பொருளைச் சொன்னோம். சிரித்துக்கொண்டாள்.

ஆயரகத்தின் இசைவைப் பெற்று, பழைய பதிவின் ஓரத்தில் அவள் குடும்பப் பெயரை எழுதி, நாளிட்டுக் கையெழுத்திட்டோம். ஓலையும் அப்பெயரோடுதான் வாசிக்கப்பட்டது.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்து முதியோர் இருக்கும்போதே அவர்களுடைய பெயரையும், அவர்தம் பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயரையும், அவர்கள் எவ்வூரிலிருந்து வந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். பங்கு ஏட்டில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்றும் ஒருமுறை வந்து பாருங்கள். பிழை இருந்தால் தயங்காது சொல்லுங்கள். திருத்துவது எங்கள் கடமை.