நிறம் காட்டாத கிருமி

1922ஆம் ஆண்டு ஜனவரியில், கனடா நாட்டு டொராண்டோ நகரில், லியனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதுவரை நீரிழிவுற்ற குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. பின்னர் அவர்கள் பள்ளிக்குச் சென்றனர், வளர்ந்தனர். சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலில் இட்டுக் காய்ச்சிப் பார்ப்பது அன்றாடக் கடமையாயிற்று. நீலம் மாறாவிடில் நிம்மதி; செங்கல் நிறமானால் சர்க்கரை மிகுதி.

அந்த நிறம் கிருமியைக் காட்டவில்லை. குழந்தை அடிக்கடி சிறுநீர் கழித்தாலும், படுக்கையை நனைத்தாலும், பழி சர்க்கரையின்மேலேயே விழுந்தது. எரிச்சலும் காய்ச்சலும் இல்லாதபோது தொற்றை நினைப்பவர் யார்?

1950களில் பாஸ்டன் நகர மருத்துவர் எட்வர்டு காஸ் இதற்கு ஒரு வழி கண்டார். சிறுநீரில் தோன்றும் கிருமி உள்ளிருந்து வந்ததா, பிடிக்கும்போது தோலிலிருந்து கலந்ததா? எண்ணிப் பார்த்தால் விளங்கும் என்றார். ஒரு மில்லிலிட்டரில் 1,00,000 என்பது அவர் வகுத்த எல்லை. பிறகு வர்ஜீனியாவில் கால்வின் குனின் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தார். நூறு சிறுமியருள் ஏறக்குறைய ஒருத்தியிடம் கிருமி மறைந்திருந்தது. சிறுவரிடம் மிக அரிது.

கண்ட கிருமியையெல்லாம் மருந்தால் அழிக்கும் வேகம் எழுந்தது, வியப்பில்லை. ஆயினும் நீரிழிவுற்ற பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான கனடிய ஆய்வு, குறியின்றி இருக்கும் கிருமிக்கு மருந்து கொடுப்பதால் பின்விளைவுகள் குறையவில்லை எனக் காட்டிற்று. குறியில்லாத குழந்தைகளிடமும் கிருமியைத் தேடி மருந்தளிக்க வேண்டாம் என்று 2019இல் அமெரிக்க வல்லுநர்கள் கூறினர். காரணம் புலப்படாத காய்ச்சல் கண்ட குழந்தையின் நிலை வேறு. அப்போது சிறுநீரைக் கிருமிச் சோதனைக்கு அனுப்பத் தயங்கலாகாது.