கவிதைக்குக் கவிதை, தபாலில்

1961 அக்டோபரில் நியூயார்க் கவிஞர் லீராய் ஜோன்ஸைக் கைது செய்ய எஃப்பிஐ ஆட்களோடு அஞ்சல்துறை ஆய்வாளர்களும் வந்தார்கள். ஆபாச எழுத்தைத் தபாலில் அனுப்பினார் என்பது குற்றச்சாட்டு. பின்னாளில் அமிரி பராக்கா என்ற பெயரில் உலகறிந்த ஜோன்ஸும், சக கவிஞர் டயான் டி பிரிமாவும் சேர்ந்து ‘ஃப்ளோட்டிங் பேர்’ என்ற சிறு ஏட்டை நடத்தினார்கள். வின்னி என்ற கரடி தேன்ஜாடியை ஓடமாக்கி ஏறிப்போகும் குழந்தைக் கதையிலிருந்து எடுத்த பெயர் அது. அதன் 9ஆம் இதழில் வில்லியம் பரோஸ் எழுதிய ஒரு பகுதியும் ஜோன்ஸின் சொந்தப் படைப்பு ஒன்றும் வந்திருந்தன. அந்த இதழின் ஒரு பிரதி நியூஜெர்சி சிறையில் இருந்த ஹெரால்ட் கேரிங்டன் என்ற கவிஞருக்குப் போனது. சிறையில் தபாலைப் பிரித்துப் பார்த்த அதிகாரிகள் மேலே புகார் அனுப்பினார்கள்.

ஏட்டுக்கு விலை கிடையாது, கடைகளிலும் கிடைக்காது. 1961 பிப்ரவரியில் தொடங்கியபோது அனுப்பும் பட்டியலில் 117 பெயர்கள் இருந்தன. கவிதை எழுதுகிறவர், ஓவியர், நடனக்காரர், அவர்களின் நண்பர்கள், கேட்டு எழுதியவர்கள் என்று பட்டியல் வளர்ந்தது. சிறையில் இருந்தவரும் அதில் ஒரு பெயர், அவ்வளவுதான். டி பிரிமா ஸ்டென்சில் வெட்டுவார். ஜாஸ் உலகின் பெரிய பியானோ கலைஞர் செசில் டெய்லர் டூப்ளிகேட்டர் கைப்பிடியைச் சுற்றுவார். வீட்டுக்கு வந்தவர்கள் தாள்களை வரிசைப்படுத்தித் தைப்பார்கள். அச்சகத்துக்குப் போயிருந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய கவிதை, இரண்டு வாரத்தில் சில நூறு பேர் கையில் இருந்தது. மூத்த கவிஞர் சார்லஸ் ஓல்சன் இந்த வேகத்தைத்தான் பெரிதாக மதித்தார் என்று டி பிரிமா நினைவுகூர்ந்திருக்கிறார். வழக்கில் ஜோன்ஸ் நடுவர் குழுவின் முன் தாமே நின்று வாதாடினார். நடுவர்கள் குற்றம் சாட்ட மறுத்துவிட்டார்கள்.

தன் கவிதையைத் தானே அச்சிட்டு, முன்பின் தெரியாதவருக்கு அனுப்பி, அவர் அச்சிட்டதைப் பதிலுக்குப் பெறும் இந்த வழக்கம் 1960களில் புதிதாக முளைத்ததல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு மேசைமேல் வைத்து இயக்கும் சிறு அச்சு இயந்திரங்கள் சல்லிசாகக் கிடைக்கத் தொடங்கின. பள்ளிப் பையன்கள் அவற்றை வாங்கி உள்ளங்கை அளவுப் பத்திரிகைகளை அச்சடித்தார்கள். 1876 ஜூலை 4 அன்று, நாட்டின் நூற்றாண்டுப் பொருட்காட்சி நடந்த ஃபிலடெல்ஃபியாவில், அவர்கள் கூடித் தேசிய அமெச்சூர் பத்திரிகைச் சங்கத்தை அமைத்தார்கள். சந்தா கிடையாது. உன் ஏட்டை எனக்கு அனுப்பு, என் ஏட்டை உனக்கு அனுப்புகிறேன் என்பதே ஒப்பந்தம்.

இதற்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் போனது. 1879 மார்ச் 3ஆம் தேதிச் சட்டம் பத்திரிகைகளுக்கு ராத்தலுக்கு 2 சென்ட் என்று சலுகைக் கட்டணம் வைத்தது. கூடவே நிபந்தனையும் வைத்தது: உண்மையான சந்தாதாரர் பட்டியல் வேண்டும், இலவச விநியோகத்துக்கென்றே அச்சிட்டது கூடாது. பரிமாற்ற ஏடுகளுக்குச் சந்தாதாரர் ஏது? அவை சாதாரண அச்சுப் பொருளாகப் போக வேண்டியதாயிற்று. 2 அவுன்சுக்கு 1 சென்ட், அதாவது ராத்தலுக்கு 8 சென்ட், நான்கு மடங்கு. விற்பதைச் சட்டம் புரிந்துகொண்டது, விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுப்பதையும் புரிந்துகொண்டது. ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதை மட்டும் எந்தப் பெட்டியில் போடுவது என்று அதற்குத் தெரியவில்லை.

ஆனாலும் அந்த ஏடுகள் நிற்கவில்லை. பிராவிடன்ஸ் நகரில் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராமல் இருந்த எச்.பி. லவ்கிராஃப்ட், பின்னாளில் திகில் கதைகளின் ஆசானாகக் கொண்டாடப்பட்டவர், 1914இல் இப்படியொரு சங்கத்தில் சேர்ந்தார். ஒரு கதை இதழின் வாசகர் கடிதப் பகுதியில் அவர் செய்யுளிலேயே சண்டை போட்டதைப் பார்த்த எட்வர்ட் டாஸ் என்பவர் எழுதி அழைத்தார். மறு ஆண்டே ‘கன்சர்வேட்டிவ்’ என்ற சொந்த ஏட்டைத் தொடங்கி 1923 வரை 13 இதழ்கள் கொண்டுவந்தார். அவருடைய தொடக்க காலக் கதைகள் சிலவும் ஏராளமான செய்யுள்களும் அமெச்சூர் ஏடுகளில்தான் முதலில் வந்தன. 1921இல் பாஸ்டனில் நடந்த அமெச்சூர் பத்திரிகையாளர் மாநாட்டில் சந்தித்த சோனியா கிரீனையே பின்னர் மணந்தார்.

மேசை அச்சு இயந்திரத்தின் இடத்தை அடுத்து டூப்ளிகேட்டர் பிடித்தது. நம் ஊரில் சைக்ளோஸ்டைல் என்போம். தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத்தாளில் தட்டினால் எழுத்துகள் வெட்டுகளாக விழும். அந்தத் தாளை உருளையில் மாட்டிச் சுற்றினால் வெட்டு வழியே மை இறங்கும். அலுவலகச் சுற்றறிக்கைக்காக உண்டான இயந்திரம் இது. அச்சுக்கோப்பவரும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம். ஒரு ஸ்டென்சிலில் சில நூறு பிரதிகள் எடுக்கலாம். கவிதைக்கு அந்த எண்ணிக்கை தாராளம்.

இந்தியாவில் இந்த வலையின் முதல் இழை பாட்னாவில் தொடங்குகிறது. 1961 நவம்பரில் மலய் ராய்சௌத்ரி என்ற இளைஞர் ‘ஹங்ரி ஜெனரேஷன்’ பெயரில் ஒற்றைத்தாள் அறிக்கை ஒன்றை வெளியிட்டார். பாட்னாவில் வங்காள எழுத்துள்ள அச்சகம் கிடைக்காததால் முதல் அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. கல்கத்தா காபி ஹவுஸ் மேசைகளில் கைமாறிய துண்டுத்தாள்கள் அங்கேயே நிற்கவில்லை. அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் பேய், பூதம், கோமாளி முகமூடிகளைத் தபாலில் அனுப்பினார்கள். ‘தயவுசெய்து முகமூடியைக் கழற்றுங்கள்’ என்று அவற்றில் அச்சாகியிருந்தது. 1964 செப்டம்பரில் வழக்கு வந்தது. மலய்யின் ஒரு நெடுங்கவிதை ஆபாசம் என்று 1965 டிசம்பரில் தீர்ப்பாகி 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 1967இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அந்த இடைக்காலத்தில் கவிதை அமெரிக்கா போய்விட்டது. ஹோவர்ட் மெக்கார்ட் என்ற அமெரிக்கக் கவிஞர் அதன் ஆங்கில வடிவத்தைத் தனிச் சிறுநூலாக வெளியிட்டார். போர்ட்லாந்தில் ‘சால்டட் ஃபெதர்ஸ்’ என்ற சிற்றேடு 1967இல் இவர்களுக்காகவே ஒரு சிறப்பிதழ் போட்டது. இங்கே வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாமல் தவித்த கவிஞரின் வரிகளை அங்கே முகம் தெரியாத யாரோ ஒருவர் அச்சிட்டுக்கொண்டிருந்தார்.

அலகாபாத்தில் இன்னொரு முனை. 1965இல் கல்லூரி மாணவராக இருந்த அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ‘டேம் யூ’ என்ற சைக்ளோஸ்டைல் ஏட்டைத் தொடங்கினார். நியூயார்க்கில் எட் சாண்டர்ஸ் ஒரு பச்சையான வசைச்சொல்லையே தலைப்பாக்கி 1962 முதல் நடத்திவந்த ஏட்டைப் பற்றிப் படித்ததன் விளைவு அது. மெஹ்ரோத்ராவின் ‘பாரத்மாதா’ நெடுங்கவிதை 1966இல் அவருடைய சொந்த ‘எஸ்ரா-ஃபகீர்’ வெளியீடாகவே வந்தது. அமெரிக்கச் சிற்றேட்டுக்காரர்களுக்கு இதழ்களைக் கட்டி அனுப்பினால் பதிலுக்கு அவர்களுடைய ஏடுகளும் கவிதை நூல்களும் அலகாபாத் தபால்காரர் பையில் வந்தன.

இதில் பணத்தின் கதை முக்கியம். அன்றைய இந்தியாவில் அந்நியச் செலாவணி கடும் கட்டுப்பாட்டில் இருந்தது. வெளிநாட்டுச் சிற்றேட்டுக்கு இரண்டு டாலர் சந்தா கட்ட ஒரு மாணவரால் எளிதில் முடியாது. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது 4.76 ரூபாயாக இருந்த டாலர் ஒரே நாளில் 7.50 ஆனது. ரூபாய் எல்லை தாண்ட முடியாத இடத்தில் கவிதைக்குக் கவிதை என்ற பண்டமாற்று தாண்டியது. உள்ளூர்த் தபால்தலைக்குக் காசிருந்தால் போதும், ஓர் உலக நூலகம் வீட்டு வாசலுக்கு வரும். அந்தத் தலைமுறை இந்தியக் கவிகளின் படிப்புக்கு இந்தத் தபால் மூட்டைகள் எவ்வளவு ஊட்டம் தந்தன என்பது இன்னும் முழுதாக எழுதப்படவில்லை.

தமிழில் இதற்கு இணையான கதை ‘எழுத்து’வில் தொடங்குகிறது. 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணியிலிருந்து சி.சு. செல்லப்பா கொண்டுவந்த அந்த இதழ் கடைகளில் தொங்குவதற்காக வந்ததல்ல. 2,000 பிரதிகளுக்கு மேல் போவதில்லை என்று செல்லப்பாவே வரம்பு கட்டிக்கொண்டார். ஏறக்குறைய இருபது வயதில் தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள், இலங்கைத் திருகோணமலையிலிருந்து தபாலில்தான் அதற்குள் வந்தார். கடலுக்கு அப்பாலிருந்து உறையில் வந்த கவிதைகளும் கட்டுரைகளும் தமிழ்ப் புதுக்கவிதையின் போக்கையே மாற்றின. 1962இல் செல்லப்பா ‘புதுக்குரல்கள்’ தொகுப்பை வெளியிட்டபோது அதில் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் இருந்தன. 1968இல் நகுலன் திருவனந்தபுரத்திலிருந்து ‘குருக்ஷேத்திரம்’ தொகுப்பைத் தாமே வெளியிட்டார்.

அடுத்து வந்த பல ஏடுகளின் அட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சாகியிருக்கும். பதிவு செய்த பத்திரிகை என்ற தகுதி இல்லை என்பதன் அறிவிப்பு அது. பதிவு இல்லாததால் பத்திரிகைத் தபால் சலுகையும் கிடையாது. கைகொடுத்தது புக் போஸ்ட். தாளைச் சுற்றி, இரண்டு முனையையும் திறந்தே வைத்து, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதிப் போட்டால் குறைந்த கட்டணத்தில் போனது. கட்டணம் குறைந்ததற்குக் காரணமே அந்தத் திறப்புதான். தபால்காரர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே இருப்பதை உருவிப் பார்க்க முடிந்தது, கடிதம் ஒன்று சேர்த்து வைத்திருந்தால் அபராதம் இருந்தது. மலிவும் திறந்த நிலையும் சேர்ந்தே வந்தன. அச்சிட்ட கவிதை மூடிய உறைக்குள் இருக்கும் கடிதத்தைப் போல அந்தரங்கமானதல்ல. கண்காணிக்க நினைப்பவருக்கும் அது திறந்தே கிடந்தது.

இப்படி வந்த இதழைப் பெற்றவர் என்ன செய்வார்? எழுத்தாளர் வல்லிக்கண்ணன் அஞ்சலட்டை எழுதுவார். முதல் தொகுப்பைச் சொந்தக் காசில் போட்டுக் கூச்சத்தோடு அனுப்பிய இளங்கவிஞர்கள் எத்தனையோ பேருக்கு அவரிடமிருந்து படித்ததற்கான பதில் வந்திருக்கிறது. சிறுபத்திரிகை வரலாற்றையும் புதுக்கவிதை வரலாற்றையும் அவர் நூலாக எழுத முடிந்தது என்றால், வீடு தேடி வந்த இதழ்களை அவர் ஒன்றுவிடாமல் படித்ததும் ஒரு காரணம். விமர்சகர்கள் திரும்பிப் பார்க்காத புத்தகத்தையும் ஒருவர் கடைசிப் பக்கம்வரை படித்தார் என்ற சேதி அந்த அட்டையில் இருந்தது.

இதே வலையின் இன்னொரு முனை மெக்சிகோ. மெக்சிகோ நகரில் மார்கரெட் ராண்டலும் செர்ஜியோ மோண்ட்ராகோனும் 1962இல் தொடங்கிய ‘எல் கோர்னோ எம்ப்ளுமாதோ’ ஆங்கிலமும் ஸ்பானிஷும் பக்கம் பக்கமாக வந்த காலாண்டிதழ். இதழின் பின்பகுதி முழுக்கக் கடிதங்கள். அர்ஜென்டினாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கவிகள் எழுதியவை. கடிதத்தில் மட்டும் பழகியவர்கள் 1964 பிப்ரவரியில் மெக்சிகோவில் நேரில் கூடினார்கள். 1968 அக்டோபர் 2 அன்று த்லாதெலோல்கோ சதுக்கத்தில் அரசுப் படைகள் மாணவர்களைச் சுட்டன. இதழ் மாணவர் பக்கம் நின்றது. 31ஆம் இதழோடு 1969இல் அது நின்றுபோக, ராண்டல் தலைமறைவாக வாழ்ந்து கியூபா போய்ச் சேர்ந்தார்.

இந்த இதழோடு நெருங்கிப் பழகியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கெத்செமனி மடத்துத் துறவி தாமஸ் மெர்ட்டன். மடத்து மதிலுக்குள் இருந்தவருக்கு உலகம் தபாலில்தான் வந்தது. 1968இல் அவர் ‘மங்க்ஸ் பாண்ட்’ என்ற ஏட்டைத் தாமே தொடங்கினார். நான்கே இதழ்கள், எல்லாம் இலவசம். அதே ஆண்டு ஆசியப் பயணத்துக்கு அனுமதி கிடைத்து நவம்பர் இறுதியில் சென்னை வந்தார், மாமல்லபுரம் பார்த்தார், அங்கிருந்து இலங்கைக்குப் போய்ப் பொலன்னறுவைச் சிலைகளின் முன் நின்றார். டிசம்பர் 10 அன்று பாங்காக்கில் இறந்தார்.

1970இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் கோஸ்டலனெட்ஸ் ‘அசெம்ப்ளிங்’ என்ற ஏற்பாட்டைச் செய்தார். ஒவ்வொருவரும் தம் பக்கங்களை ஆயிரம் பிரதிகள் தாமே அச்சிட்டு அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துத் திருப்பி அனுப்புவார். ஆசிரியர் எதையும் நிராகரிப்பதில்லை. தரம் மேலும் கீழுமாக இருந்தது உண்மைதான், ஆனால் வேறெங்கும் இடம் கிடைக்காத எத்தனையோ சோதனைகளுக்கு அது இடம் கொடுத்தது.

தென் அமெரிக்காவில் அதே பண்டமாற்று உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்தது. உருகுவேயில் ‘ஓவம்’ இதழை நடத்திய கவிஞர் கிளெமென்தே பதீன், நண்பர் ஹோர்ஹே கரபாயோவுடன் 1977இல் கைதானார். ராணுவத்தை இழிவுபடுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. இருவருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. விடுதலை கேட்டு நாடு நாடாகக் கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் அவரை நேரில் பார்த்தவர்கள் அல்லர், அவருடைய ஏட்டைத் தபாலில் வாங்கித் தம் ஏட்டை அனுப்பியவர்கள்.

தபால் கட்டணத்தின் கதை இன்னும் முடியவில்லை. இந்தியாவில் புத்தகங்களுக்கென இருந்த பதிவுத் தபால் சலுகை 2024 டிசம்பர் 18 அன்று முன்னறிவிப்பின்றி நின்றது. அதுவரை 5 கிலோ புத்தகம் 80 ரூபாயில் நாட்டின் எந்த மூலைக்கும் போய்க்கொண்டிருந்தது. சிறு பதிப்பாளர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். 2025 மே 1 முதல் ‘கியான் போஸ்ட்’ என்ற புதுச் சேவை வந்தது. 300 கிராமுக்கு 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும், விளம்பரம் கூடாது, குறிப்பிட்ட இடைவெளியில் வெளிவரும் இதழ்களுக்கு இது பொருந்தாது என்பவை அதன் நிபந்தனைகள். கவிஞரின் தொகுப்பு அதில் போகலாம். அவருடைய சிற்றிதழ் வேறு கட்டணத்தில் போக வேண்டும்.