தோட்டத்துத் திரையும் ஒலியும்



நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றைக் காணொளியாகத் தொகுக்க முனையும் பலரும் படத்தில் காட்டும் கவனத்தை ஒலியில் காட்டுவதில்லை. நம் தோட்டங்களுக்குப் படம் வந்த வரலாறோ இதற்கு நேர்மாறானது.

1946இல் கோலாலம்பூரில் மலாயாப் படப் பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. ஒரே படத்துக்கு மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் எனத் தனித்தனி விளக்கவுரைகளை அது பதிவு செய்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் நடமாடும் படவண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்றன. திடலில் அமர்ந்திருந்த பால்மரத் தொழிலாளிக்கு அப்படத்தை நெருக்கமாக்கியது தமிழ் ஒலியே. (அது அரசாங்கத்தின் குரல் என்பதை மறத்தல் ஆகாது. தொழிலாளி சொல்ல விரும்பியதைப் பதிவது அவ்வண்டிகளின் பணியன்று.)

16 மில்லிமீட்டர்ச் சுருளில் ஒரு காட்சிக்குரிய ஒலி, அக்காட்சியைவிட 26 சட்டங்கள் முன்னதாகப் பதிந்திருக்கும். படம் விளக்கின்முன் ஒவ்வொரு சட்டமாக நின்று நின்று நகர வேண்டும். ஒலியோ தடையின்றிச் சீராக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய இயலாது. எனவே சுருளை மாட்டுபவர் இடைவளைவின் அளவைப் பிழையாக விட்டால், உதடு ஒரு நேரமும் சொல் ஒரு நேரமும் வரும்.

கணினிக் காலத்தில் அந்த வளைவின் இடத்தை ஓர் எண் பிடித்துக்கொண்டது. 1982இல் வெளிவந்த இசைக் குறுவட்டு, ஒலியை நொடிக்கு 44,100 கூறுகளாகப் பதிந்தது. தொடக்கத்தில் எண்ணியல் ஒலியைக் காணொளி நாடாவிலேயே சேமித்தனர். நொடிக்கு 60 புலங்கள், புலத்துக்கு 245 வரிகள், வரிக்கு 3 கூறுகள் எனப் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். விந்தை என்னவெனில், காணொளியால் பிறந்த அவ்வெண் இசைக்குப் போயிற்று; காணொளிக்கு 48,000 நிலைபெற்றது. 1995இல் வந்த டிவி வகை நாடாக் கருவிகளில் 32,000 என்னும் தாழ்ந்த தெரிவும் இருந்தது. 44,100இல் பதிந்ததை 48,000 எனப் பிழையாகக் கருதி ஓட்டினால், 60 நிமிடப் பேச்சு ஏறத்தாழ 55 நிமிடத்தில் முடியும். குரலும் மெலிந்து உயரும். இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் தாமே மாற்றிக்கொள்கின்றன. ஆயினும் பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றுவோர் இவ்வெண்ணை முதலில் பார்த்தல் நன்று.

இதைவிடக் கொடியது தானியங்கி ஒலியளவு. அதை நான் பட்டே அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், சயாம் மரண இரயில்பாதைக்குத் தந்தையைப் பறிகொடுத்த மூதாட்டி ஒருவரை லயத்து வீட்டு வாசலில் பதிவு செய்தேன். தோங்பூசாயாட்டுக்கும் பான்போங்குக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீண்டு, 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட அப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அம்மையார் பேச்சை நிறுத்தியபோதெல்லாம், கருவி அந்த மௌனத்தைக் குறைந்த ஒலியென எண்ணி உயர்த்திற்று. சில்வண்டும் கோழியும் இரைந்தன. பின்னர் அவர் திடீரென “அப்பா” என்று கதறினார். உயர்ந்திருந்த அளவில் அக்கதறல் நொறுங்கிப் பதிந்தது. ஒலியலையின் முகடு வெட்டுண்டபின் எந்த மென்பொருளாலும் அதை முழுமையாக மீட்க இயலாது.

அதன்பின் தானியங்கியை அணைத்துவிடுகிறேன். உரத்த பேச்சும் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதவாறு கையால் வைக்கிறேன். காதொலிப்பான் அணியாமல் பதிவதில்லை. சட்டையில் குத்தும் ஒலிவாங்கி இடப்பக்கத்தில் மட்டும் பதிந்திருந்தால், தொகுக்கும்போது அதை ஒற்றைத் தடமாக்கி இரு பக்கமும் கேட்கச் செய்தல் வேண்டும். பின்னணி இசையைத் தனித் தடத்தில் வையுங்கள். மூலக் கோப்பில் கலக்காதீர்கள்.

1943இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டார். சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அம்மையாரும் இன்று இல்லை. அவருடைய பதிவை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டும்போது, அந்த நொறுங்கிய இரண்டு நொடிகளை நான் வெட்டுவதில்லை.