இரத்தத்தில் தேடிய புற்று

அட்டனில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, தோட்டத்துப் பெக்டரியில் வேலை செய்யும் ஒருவர் காத்து நின்றார். மகள் என்னிடம் படிக்கிறாள். மூன்று மாதமாக இருமல். கையில் ஒரு லேப் றிப்போட். "சேர், ரத்தத்துல கேன்சர் இல்லன்னு வந்திருக்கு, பாருங்க" என்றார். சிஇஏ என்று போட்டிருந்தது, எண் நோர்மல். தமிழ் படிப்பிக்கிற எனக்கு அது என்னவென்றே தெரியாது. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன்.

உடலின் நீரைப் பார்த்து நோயறிவது நமக்குப் புதிதல்ல. இப்னு சீனா (மறைவு 1037) அல்-கானூனில் நாடியையும் சிறுநீரையும் விரிவாகவே பேசுகிறார். நவீன மருத்துவத்திலும் புற்றின் முதல் அடையாளம் சிறுநீரில்தான் கிடைத்தது: 1847இல் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் விவரித்த, எலும்பு மச்சைப் புற்றுக்குரிய புரதம்.

சிஇஏ வந்தது 1965இல், மொன்றியலில். பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் இருவரும் அதைக் கண்டது பெருங்குடல் புற்றில், நுரையீரலில் அல்ல. 1969இல் அதை இரத்தத்திலும் அளந்தார்கள். கொஞ்சம் இரத்தம் எடுத்தால் புற்று பிடிபட்டுவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. புகை பிடிக்கிறவருக்குப் புற்று இல்லாமலே எண் ஏறும். புற்று உள்ள பலருக்கோ, அதுவும் ஆரம்பத்தில், ஏறவே ஏறாது.

பிறகு சிறுகலப் புற்றுக்கு என்எஸ்ஈ, 1990களில் சைஃப்ரா 21-1. சிகிச்சை பலிக்கிறதா, நோய் திரும்புகிறதா என்று பார்க்க உதவும் துணைச் சாட்சிகள் இவை. என்எஸ்ஈ செங்குருதிக் கலத்துக்குள்ளும் இருப்பதால், குழாயில் கலம் உடைந்தாலே எண் பொய்யாக ஏறிவிடும். வளைவு வளைவாக மலையிறங்கிக் கொழும்புக்குப் போகிற குழாய்களை நினைத்துக்கொண்டேன்.

2016இல் அமெரிக்கா, இரத்தத்தில் மிதக்கும் புற்றின் மரபணுத் துணுக்கைப் பார்க்கும் சோதனையொன்றை அனுமதித்தது. அதுவும் நுரையீரல் புற்று உறுதியானவருக்கு எந்த மருந்து பொருந்தும் என்று தேர்வதற்குத்தான். புற்று என்று உறுதியாகச் சொல்வது இன்றும் கட்டியிலிருந்து எடுக்கும் சதைத்துண்டு. அதற்கு வழிகாட்டுவது நெஞ்சுப் படமும் ஸ்கேனும். லயத்தில் இருமல் என்றால் முதலில் கசம் என்பார்கள். அதுவும் நியாயம்தான், ஆனால் அதற்கும் சளியைச் சோதிக்க வேண்டுமே!

அவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "இந்தக் கடதாசிய வச்சு இல்லன்னு சொல்ல ஏலாது அண்ணன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுப் படம் எடுங்க, சளியையும் குடுங்க" என்றேன்.

"அப்ப இதுக்குக் கட்டுன காசு?"

திங்கட்கிழமை ஒருநாள் பேரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். படம் இன்னும் கைக்கு வரவில்லை.